மலையில் மாட்டிய வாலிபரை மீட்க முக்கால் கோடி செலவு! பில் யாருக்கு?

வேலூர்,
ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளிலும் ராணிப்பேட்டை டேனரிகளிலும் ஆறு நாள் நின்று வேலை பார்த்த வாலிபர்கள், மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஒரு கூட்டம் ஏலகிரிக்கு. ஒரு கூட்டம் திருப்பத்தூர் பக்கம் ஜலகாம்பாறை அருவிக்கு. மழைக் காலம் என்றால் குடியாத்தத்தை அடுத்த மோர்தானா அணைக்கு. பெரும்பாலோர் பொழுது சாய வீடு திரும்பிவிடுகிறார்கள்.

யாராவது ஒருவர் திரும்பாவிட்டால்?

தீயணைப்பு படை வர வேண்டும். போலீசார் வர வேண்டும். வனத்துறையினர் டார்ச் விளக்கோடு மலை ஏற வேண்டும். கயிறு, ஏணி, ஆம்புலன்ஸ் எல்லாம் வேண்டும். பாறை செங்குத்தாக இருந்தால் ஹெலிகாப்டர்கூட வேண்டியிருக்கும். இந்தச் செலவை யார் கொடுப்பது? மாட்டிக்கொண்டவரா? அழைத்துப் போனவரா? வரி கட்டும் பொதுமக்களா?

ஏலகிரி எக்ஸ்பிரஸ் ரெயில் பெட்டியில் இந்தப் பேச்சு கிளம்பினால், பாதிப் பேர் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "கொழுப்பெடுத்து ஏறினான். அவனே கட்டட்டும்! நம்ம காசுல எதுக்கு ஹெலிகாப்டர்?"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நியாயம் எவ்வளவு தூரம் போகும் என்பது, பாலக்காட்டில் நடந்த ஒரு சம்பவத்தைப் பார்த்தால் தெரியும்.

பாறை இடுக்கில் 2 நாள்

2022–ம் ஆண்டு பிப்ரவரி 7–ந் தேதி, திங்கட்கிழமை. கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டம் மலம்புழா அருகே உள்ள சேராடு மலையில் ஒரு வாலிபர் ஏறினார். அவருக்கு வயது 23. கூட வந்த நண்பர்கள் "முடியாதுப்பா" என்று பாதியிலேயே இறங்கிவிட்டார்கள். இவர் மட்டும் மேலே போனார். கால் வழுக்கியது. செங்குத்துப் பாறையின் நடுவில் ஒரு இடுக்கில் போய் மாட்டிக்கொண்டார். மேலே ஏறவும் வழி இல்லை. கீழே இறங்கவும் வழி இல்லை. காலில் காயம். கையில் செல்போன் இருந்ததால் தகவல் சொல்ல முடிந்தது.

நண்பர்கள் முயன்றார்கள். ஊர்க்காரர்கள் முயன்றார்கள். தீயணைப்பு படையினர், தேசிய பேரிடர் மீட்பு படையினர் எல்லோரும் வந்தார்கள். மறுநாள் கடலோர காவல் படையின் ஹெலிகாப்டர் பறந்து வந்தது. மலையின் அமைப்பு காரணமாக அதனால் பக்கத்தில் நெருங்க முடியவில்லை. திரும்பிவிட்டது. ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவும் வழி இல்லாமல் வாலிபர் வெயிலிலும் பனியிலும் கிடந்தார். அடிவாரத்தில் அவருடைய தாய் காத்திருந்தார்.

கேரள முதல்–மந்திரி பினராயி விஜயன் ராணுவத்தின் உதவியைக் கேட்டார். நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்து ஒரு குழு வந்தது. பெங்களூரில் இருந்து பாராசூட் படை வீரர்கள் வந்தார்கள். லெப்டினென்ட் கர்னல் ஹேமந்த் ராஜ் தலைமையில் இரவோடு இரவாக மலை ஏறினார்கள். புதன்கிழமை காலை ஒரு வீரர் கயிற்றில் தொங்கியபடி இறங்கி, முதலில் தண்ணீர் கொடுத்தார். பிறகு வாலிபரைத் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மேலே வந்தார். விமானப் படை ஹெலிகாப்டர் அவரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருந்த கேரளமே கை தட்டியது.

கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் கணக்கு ஆரம்பித்தது. "அரை கோடிக்கு மேல்" என்று சில பத்திரிகைகள் எழுதின. "முக்கால் கோடி" என்று சில எழுதின.

வனத்துறைக்குச் சொந்தமான மலையில் அனுமதி இல்லாமல் ஏறியது குற்றம். ஆனாலும் பிழைத்து வந்த பையன் மீது வழக்கு வேண்டாம் என்று முதலில் விட்டுவிட்டார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதே மலையில் இரவு நேரத்தில் இன்னொருவர் ஏறிவிட்டார்! அவரை வனத்துறையினர் தேடிப் பிடித்து இறக்கினார்கள். "இரக்கம் காட்டினால் இப்படித்தான்" என்று எல்லோரும் சொல்ல, பழைய வாலிபர் மீதும் வழக்கு பதிவானது.

வழக்குத்தான் பதிவானது. மீட்ட செலவை அவரிடம் கேட்கவில்லை.

அது என்ன முக்கால் கோடி?

இந்தக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். வீரர்களின் சம்பளம் அதில் உண்டு. அவர்கள் மலை ஏறாமல் முகாமிலேயே இருந்திருந்தாலும் அந்தச் சம்பளம் போயிருக்கும். ஹெலிகாப்டருக்கு மணிக்கு லட்சக் கணக்கில் என்கிறார்கள். அந்த ஹெலிகாப்டர் பயிற்சிக்காகவும் பறக்கத்தான் செய்கிறது. ஆக, முக்கால் கோடியும் அந்த வாலிபரால் புதிதாக வந்த செலவு அல்ல.

அதற்காகச் செலவே இல்லை என்றும் சொல்ல முடியாது. எரிபொருள் நிஜம். வண்டித் தேய்மானம் நிஜம். இதைவிடப் பெரிய செலவு ஒன்று இருக்கிறது. ஏலகிரி அடிவாரத்தில் ஒரு தீயணைப்பு வண்டி ராத்திரி முழுக்க நின்றால், அந்த நேரத்தில் ஜோலார்பேட்டையிலோ வாணியம்பாடியிலோ தீப்பிடித்தால் அந்த வண்டி அங்கே இருக்காது. இதற்கு எந்தப் பில்லிலும் தொகை போட முடியாது.

கடைசியில் பணம் எங்கிருந்து வருகிறது? ராணுவமும் விமானப் படையும் மாநில அரசுக்கு உதவி செய்தால், அந்தக் கணக்கு மாநில அரசின் பெயரில் எழுதப்படுகிறது. 2019 வெள்ளம் முதல் 2024 வயநாடு நிலச்சரிவு வரை விமானப் படை செய்த மீட்புப் பணிகளுக்காக ரூ.132 கோடியே 62 லட்சம் கட்டும்படி கேரள அரசுக்கு 2024 அக்டோபரில் மத்திய அரசின் கடிதம் போனது. வயநாட்டில் முதல் நாளான ஜூலை 30–ந் தேதிக்கு மட்டும் ரூ.8 கோடியே 91 லட்சம்! வீடு வாசல் இழந்தவர்களை மீட்டதற்குப் பில்லா என்று கேரளத்தில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. வாங்குவதும் அரசு, கொடுப்பதும் அரசு. இரண்டு பக்கமும் மக்கள் பணம்தான்.

நம் பக்கத்து வீரர்கள்

இந்த விஷயத்தில் வேலூர் பக்கத்து மக்களுக்குக் கூடுதல் அக்கறை இருக்க வேண்டிய காரணம் உண்டு. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் பொறுப்பான தேசிய பேரிடர் மீட்பு படையின் 4–வது பட்டாலியன் இருப்பது அரக்கோணத்தில். கடற்படையின் ராஜாளி விமான தளமும் அரக்கோணத்தில்தான். வேலூரை அடுத்த கம்மவான்பேட்டைக்கு 'ராணுவப்பேட்டை' என்றே பெயர். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போன ஊர் அது.

ஆகவே கயிற்றில் தொங்குகிறவர் நம் ஊர்ப் பிள்ளையாக இருக்கலாம். பாறை இடுக்கில் இருப்பவரும் நம் ஊர்ப் பிள்ளையாக இருக்கலாம். "அவன் சாகசத்துக்கு இவன் ஏன் உயிரைப் பணயம் வைக்கணும்?" என்ற கேள்விதான், பணக் கணக்கைவிடக் கனமானது.

பில்லுக்குப் பயந்தால்...

சரி, மீட்கப்பட்டவரிடமே வசூல் செய்வது என்று சட்டம் போட்டதாக வைத்துக்கொள்வோம். என்ன நடக்கும்?

ஆஸ்பத்திரி பில்லுக்குப் பயந்து நெஞ்சு வலியை 'வாயு' என்று சொல்லிக்கொண்டு இரண்டு நாள் வீட்டிலேயே இருந்தவர்கள் கதை எல்லோருக்கும் தெரியும். முற்றிய பிறகு தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அப்போது செலவும் பத்து மடங்கு. பிழைப்பதும் சந்தேகம்.

மலையிலும் அதேதான். கணுக்கால் சுளுக்கிய ஒருவர் மாலை 4 மணிக்குப் போன் செய்தால், நாலு பேர் போய்க் கைத்தாங்கலாக இறக்கிவிடலாம். "போன் பண்ணினா லட்சக் கணக்குல கேப்பாங்க" என்று தயங்கி, நண்பர்களே தூக்கிப் பார்த்து, இருட்டி, வழி தப்பி, போன் சார்ஜும் தீர்ந்த பிறகு என்றால்? இரவு முழுக்க 40 பேர் தேட வேண்டும். தேடுகிறவர்கள் கால் வழுக்கும். அமெரிக்காவில் மலை மீட்புத் தொண்டர்களின் சங்கம் பல வருடங்களாகச் சொல்லி வருவது இதுதான். எங்களைக் கூப்பிட யாரும் ஒரு நிமிடம்கூடத் தயங்கக் கூடாது, அதனால் மீட்புக்குக் கட்டணம் வேண்டாம் என்கிறார்கள். கஷ்டப்பட்டு ஏறுகிறவர்களே இதைச் சொல்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பணக்காரர் கதை வேறு மாதிரி. 2023 ஜூனில் டைட்டானிக் கப்பலின் உடைந்த பாகங்களைப் பார்க்க ஒரு சிறு நீர்மூழ்கியில் 5 பேர் போனார்கள். ஒரு சீட்டுக்குக் கட்டணம் 2½ லட்சம் டாலர்! உள்ளே இருந்த 5 பேருமே இறந்துவிட்டார்கள். கப்பலும் விமானமுமாக நாட்கணக்கில் கடலைத் தேடினார்கள். அதற்கும் அமெரிக்கக் கடலோர காவல் படை யாருக்கும் பில் அனுப்பவில்லை. கோடீஸ்வரனிடம் கேட்காத பில்லை, ஷூவுக்கு அட்டை ஒட்டும் தொழிலாளியிடம் கேட்பதா? அவர் மாதச் சம்பளம் ஹெலிகாப்டர் விசிறி சுற்றும் ஐந்து நிமிடத்துக்குக் காணாது. கேட்டாலும் வராது.

பாலாறு சொன்ன பாடம்

"அப்படின்னா யாருமே கொடுக்க வேண்டாமா?" என்றால், அதுவும் இல்லை. "கெடுத்தவனே கொடுக்க வேண்டும்" என்ற நீதியைச் சட்டத்தில் உறுதிப்படுத்திய ஒரு முக்கிய வழக்கு, இந்தப் பகுதியிலிருந்துதான் போனது.

பாலாற்றைத் தோல் கழிவு நீர் பாழாக்குகிறது என்று வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1996 ஆகஸ்டு 28–ந் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான பெஞ்ச் தீர்ப்பு கூறியது. மாசு செய்தவரே நஷ்டஈடும் கொடுக்க வேண்டும், இயற்கையைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவையும் ஏற்க வேண்டும் என்றது. டேனரிகளுக்குத் தலா ரூ.10 ஆயிரம் அபராதமும் போட்டது. இன்றைக்கும் இந்தியாவில் எந்த மாசு வழக்கானாலும் இந்த வேலூர் வழக்கைத்தான் வக்கீல்கள் எடுத்துக் காட்டுகிறார்கள்.

பணம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்பது தனிக் கதை. 2025 ஜனவரி 30–ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு மீண்டும் தலையிட வேண்டியிருந்தது. இந்த முறை தெளிவாகச் சொன்னது: பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு முதலில் நஷ்டஈட்டைக் கொடுத்துவிட வேண்டும், பிறகு மாசு செய்தவர்களிடம் வசூல் செய்துகொள்ள வேண்டும்.

முதலில் காப்பாற்று. பிறகு சேர வேண்டிய இடத்தில் வசூலி. மலைக்கும் இதைவிடப் பொருத்தமான வழி இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் வசூலிக்க வேண்டியது யாரிடம்? டேனரி லாபம் சம்பாதித்தது. அதனால் அதனிடம் கேட்டார்கள். பாறையில் வழுக்கிய பையன் என்ன சம்பாதித்தான்? மலை ஏற்றத்தில் சம்பாதிப்பவர்கள் வேறு இருக்கிறார்கள்.

குரங்கணியில் 23 உயிர்

2018–ம் ஆண்டு மார்ச் 11–ந் தேதியைத் தமிழ்நாடு மறக்காது. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீ. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்தும் இரண்டு குழுக்களாக மலையேற்றம் போயிருந்தவர்கள் தீயின் நடுவில் சிக்கினார்கள். சென்னைக் குழுவில் பெரும்பாலோர் பெண்கள். சம்பவ இடத்திலும் ஆஸ்பத்திரியிலுமாக 23 பேர் இறந்தார்கள்.

முதலில் ஓடியது யார்? அரசாங்கம் அல்ல. மலையடிவாரத்து ஊர் மக்கள். தீக்காயம் பட்டவர்களைப் போர்வையிலும் டோலியிலும் தூக்கி வந்தவர்கள் அவர்கள். பிறகு வனத்துறையினர், போலீசார், தீயணைப்பு படையினர். சூலூரிலிருந்து விமானப் படை ஹெலிகாப்டர்கள், கமாண்டோ வீரர்கள். குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் போகத்தான் அனுமதி இருந்தது, கொழுக்குமலை பாதைக்கு இல்லை என்று வனத்துறை சொன்னது. வழிகாட்டி ஒருவர் கைதானார். வனச்சரகர் ஒருவர் சஸ்பெண்டு ஆனார். இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தலா ரூ.4 லட்சம் என்று அப்போதைய முதல்–அமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார்.

மீட்ட செலவு அரசுக்கு. நிதியுதவியும் அரசுக்கு. டோலி தூக்கிய ஊர்க்காரர்களின் அன்றைய கூலி நஷ்டம் அவர்களுக்கே!

பணம் வாங்கிக்கொண்டு பத்துப் பேரை மலைக்கு அழைத்துப் போகிறவர், வழி தெரிந்தவரா, அனுமதி வாங்கினாரா, முதலுதவிப் பெட்டி வைத்திருந்தாரா என்று கேட்டே ஆக வேண்டும். இல்லை என்றால், மீட்ட செலவைச் சுமக்க வேண்டியவர் அவர்தான். 'வீக்எண்ட் கேம்ப்' என்று விளம்பரம் செய்யும் ஓட்டல்காரருக்கும் இது பொருந்தும்.

25 டாலர் அட்டை

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் என்று ஒரு சின்ன மாநிலம். மலை ஏறுகிறவர்கள் அதிகம். கவனக்குறைவாகப் போய் மாட்டிக்கொண்டால் செலவை வசூலிக்க அங்கே சட்டம் இருக்கிறது. 2009–ல் தனியாக மலை ஏறி வழி தப்பிய 17 வயதுப் பையனுக்கு 25 ஆயிரம் டாலருக்கு மேல் பில் போனது. நாடு முழுவதும் சர்ச்சை. 2015–ல் புது வழி கண்டுபிடித்தார்கள். முன்கூட்டியே 25 டாலர் கொடுத்து ஒரு அட்டை வாங்கிக்கொள்ளலாம். அட்டை வைத்திருப்பவர் கவனக்குறைவால் மாட்டிக்கொண்டாலும் பில் வராது. வேண்டுமென்றே விபரீதம் செய்தவருக்கு மட்டும் மன்னிப்பு இல்லை. அட்டைப் பணம் மீட்புப் பணிக்கே போகிறது.

சுவிட்சர்லாந்தில் 1952–ல் ஆரம்பித்த 'ரேகா' என்ற விமான மீட்பு அமைப்பும் இதே வழிதான். லட்சக் கணக்கான மக்கள் வருடா வருடம் ஒரு சிறு தொகை கொடுக்கிறார்கள். இன்சூரன்ஸ் ஏற்காத செலவை அந்த அமைப்பே தள்ளுபடி செய்கிறது. ஊர்ச் சீட்டு மாதிரி. மாட்டிக்கொள்கிறவனுக்கு எல்லோருமாகப் போட்ட பணம்.

இதிலும் தில்லுமுல்லு உண்டு. நேபாளத்தில் லேசாகத் தலை சுற்றியவர்களையும் ஹெலிகாப்டரில் ஏற்றி, வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனிகளிடம் கொள்ளையடித்தது 2018–ல் அம்பலமானது. பணம் இருக்கும் இடத்தில் ஏஜெண்ட் வந்துவிடுவார். ஆகவே அட்டையை அரசே விற்பது நல்லது.

ஏலகிரியில் சவுகரியம்

தமிழ்நாட்டில் அதற்கு வழி திறந்துதான் இருக்கிறது. 2024 அக்டோபர் 24–ந் தேதி வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் ஆரம்பமானது. மொத்தம் 40 மலைப் பாதைகள். திருப்பத்தூர் மாவட்டத்தில் ஏலகிரி சுவாமிமலையும் ஜலகாம்பாறையும் அதில் உண்டு. முன்பதிவு, கட்டணம், கூடவே மலைவாழ் மக்களிலிருந்து பயிற்சி பெற்ற வழிகாட்டி. அந்தக் கட்டணத்தோடு பத்தோ இருபதோ மீட்பு நிதி என்று சேர்த்து, அதை அந்த மலையின் அடிவார ஊர்களுக்கே கயிறு, ஸ்டிரெச்சர், வாக்கி–டாக்கி வாங்கக் கொடுத்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். டோலி தூக்கியவருக்கு அன்றைய கூலியும் அதிலிருந்தே கொடுக்கலாம்.

(ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். பாரியும் ஓரியும் பில் போட்டதாகக் கதை இல்லை. ஆனால் அவர்களிடம் ஹெலிகாப்டரும் இல்லை!)

சிக்கல் என்னவென்றால், டிக்கெட் வாங்கிப் போகிறவர் பெரும்பாலும் மாட்டிக்கொள்வதில்லை. மாட்டிக்கொள்வது டிக்கெட் இல்லாதவர். விவசாயக் கிணற்றில் நீச்சல் பழகப் போன பையன். பாலாற்றில் வெள்ளம் வந்தால் தரைப்பாலத்தில் செல்பி எடுக்கிறவர். ஏழை வீட்டுச் சாகசம் கிணறும் ஏரியும்தான். தீயணைப்பு படையினர் கிணற்றில் இறங்கி எத்தனையோ பேரைத் தூக்கியிருக்கிறார்கள். அதற்கு யாரும் பில் கேட்டதில்லை. கேட்கலாம் என்று யோசித்ததும் இல்லை.

போளூர் பக்கம் பர்வதமலைக்கு இரும்புச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார்கள் பக்தர்கள். அங்கே ஒருவருக்கு மூச்சு முட்டினால் அது பொழுதுபோக்கா, பக்தியா? ஏலகிரியில் ஏறியவனுக்குப் பில், பர்வதமலையில் ஏறியவருக்கு இலவசம் என்றால், கோடு எங்கே போடுவது? தாசில்தார் வந்து மனசுக்குள் பார்த்துச் சொல்ல முடியுமா?

தடை போட்ட இடத்தில் வேலி தாண்டினால், அபராதம் போடட்டும். தாராளமாகப் போடட்டும். சேராடு மலையில் போட்டது போல வழக்கும் போடட்டும். ஆனால் அது வேலி தாண்டியதற்கான அபராதம். மாட்டிக்கொண்டதற்கான பில் அல்ல. மாட்டாமல் பத்திரமாக இறங்கியவனுக்கும் அதே அபராதம்தான். போன் செய்தவனுக்குக் கூட ஒரு ரூபாய் அதிகம் என்று ஆக்கினால், அடுத்தவன் போன் செய்ய மாட்டான்.

போகிற முன்...

இந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறவர்கள் எந்த மலை, எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். வழியில் மாற்றினால் அதையும் சொல்ல வேண்டும். செல்போனில் பாட்டுக் கேட்டுச் சார்ஜைத் தீர்க்க வேண்டாம். ஏதாவது ஆகிவிட்டால் 112 அல்லது தீயணைப்பு நிலையத்தின் 101. கூப்பிடும்போது கடைசியாகப் பார்த்த கோவில், ஓடை, பாறை, மின்கம்பம் எதுவானாலும் சொல்லலாம். சொன்ன பிறகு அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. மீட்கப் போவது அரசு வேலை. அதற்கு இன்றைய தேதியில் காசு கிடையாது.